தன்னைத் தானே திருத்தும் செய்நிரல்

கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதியைச் செய்நிரல் என்பர். ஒரு செய்நிரல் எழுதி முடிக்கப்பட்டு இயங்கத் தொடங்கிவிட்டால் அதன் அமைப்பு மாறாது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், இயங்கிக்கொண்டிருக்கும்போதே தன் அமைப்பைத் தானே ஆராயவும் திருத்தவும் இடந்தரும் கணினி மொழிகளும் உள. அத்தகைய திருத்தத்தை மேனிலைச் செய்நிரலாக்கம் எனலாம். அதற்குப் பெயர்பெற்ற மொழிகளுள் ஒன்று ரூபி. யப்பானியரான யுகிஹிரோ மற்சுமோட்டோ 1993 ஆம் ஆண்டில் இதனை ஆக்கத் தொடங்கி, 1995 இல் வெளியிட்டார்.

இதன் அடிப்படைக் கருத்துகள் அதற்கு முன்னரே தோன்றியவை. 1960களில் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் டால், நைகார்ட் என்னும் இருவர் சிமுலா என்ற மொழியை ஆக்கினர். பொருள், வகுப்பு என்னும் கருத்துகளுக்கு அதுவே வித்திட்டது. 1970களில், கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் அலன் கே முதலானோர் ஸ்மோல்டோக் என்னும் மொழியை உருவாக்கினர். அம்மொழியில் எண்ணும் ஒரு பொருள், எழுத்துத் தொடரும் ஒரு பொருள். பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதாலேயே வேலை நடைபெறும். இக்கொள்கையையே ரூபியும் தழுவியது.

வகுப்பு என்பது யாது? அதனைச் செங்கல் அச்சுக்கு ஒப்பிடுவோர் உளர். அவ்வொப்புமை ரூபிக்கு முற்றும் பொருந்தாது. அச்சை இன்று மாற்றினால், நேற்று வார்த்த கல் மாறுவதில்லை. சங்கமொன்றின் யாப்பே இதற்கு ஏற்ற உவமையாகும். அங்கத்தவர் எவரும் விதிகளைத் தம் கையில் வைத்திருப்பதில்லை. தேவை எழும்போது யாப்பைப் பார்க்கின்றனர். யாப்பு இன்று திருத்தப்படின், பல்லாண்டுகளுக்கு முன் சேர்ந்தவரையும் அத்திருத்தம் உடனே கட்டுப்படுத்தும்.

அவ்வாறே, ரூபியில் ஒரு பொருளுக்குச் செய்தி வந்ததும், அதற்குரிய செய்முறை அதன் வகுப்பிலே தேடப்படும். அங்கு இல்லையாயின், கிளைச் சங்கத்தில் இல்லாத விதியைத் தலைமைச் சங்கத்தில் தேடுவதுபோல, மேல் வகுப்பிலே தேடப்படும். எங்கும் காணாவிடின், செய்முறை கிடைக்கவில்லை என்னும் மற்றொரு செய்தி அப்பொருளுக்கே சென்றுசேரும். அதற்கு எவ்வாறு விடையளிப்பது என்பதையும் செய்நிரலாளர் வகுத்துவைக்கலாம்.

இனி, வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. ரூபியில் வகுப்பும் ஒரு பொருளே. ஆகவே, மற்றைப் பொருள்களைப் போல அதனையும் வினாவலாம், மாற்றலாம். மொழியோடு பிறந்த வகுப்புகளும் இதற்கு விலக்கல்ல. ஒருவர் விரும்பினால், முழுவெண் வகுப்பைத் திறந்து, ஒன்றும் ஒன்றும் மூன்று எனக் கூட்டும்படி கூட்டற் செய்முறையையே மாற்றிவிடலாம்.

இச்சுதந்திரத்தின் பயன் பெரிது. டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004 இல் வெளியிட்ட ரெயில்ஸ் என்னும் இணையத்தளக் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் வாடிக்கையாளர் என ஒரு வகுப்பைப் பெயரளவில் அமைத்தாற் போதும். தரவுத்தள அட்டவணையில் பெயர், முகவரி ஆகிய தலைப்புகள் இருக்கக் கண்டு, அவற்றைப் படிக்கவும் மாற்றவும் வேண்டிய செய்முறைகளை அதுவே ஆக்கிக்கொள்ளும். செய்நிரலாளர் கையால் எழுதவேண்டிய எத்தனையோ வரிகள் இதனால் மிஞ்சுகின்றன.

ஆயின், ஆபத்தும் அவ்விடத்திலேயே உள்ளது. பெரிய செய்நிரல் ஒன்றில் பலர் எழுதிய பகுதிகள் சேர்ந்திருக்கும். ஒருவரையொருவர் அறியாத இருவர், எழுத்துத் தொடர் வகுப்பில் ஒரே பெயருடைய செய்முறையை வெவ்வேறு வகையில் சேர்த்துவிட்டால், பின்னர் வந்ததே நிலைக்கும், முன்னையது அழியும். பெரும்பாலும் எச்சரிக்கையும் எழாது. முன்னையதை நம்பிய பகுதி, தன்னில் ஓர் எழுத்தும் மாறாதிருக்கவே தவறான விடையைத் தரும். பிழை தோன்றுமிடம் ஒன்று, அதன் காரணம் கிடக்குமிடம் வேறொன்று. விதி மாறியது என்பதை அறியாத அங்கத்தவரின் நிலையும் இதுவே.

இக்குறையைத் தணிக்க, 2013 பெப்ரவரியில் வெளிவந்த ரூபியின் 2.0 ஆம் பதிப்பு, வரையறுத்த திருத்தம் என்னும் ஏற்பாட்டைப் பரிசோதனையாகச் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.1 ஆம் பதிப்பில் அது நிலைபெற்றது. இம்முறையிற் செய்த திருத்தம், அதனை வேண்டுமென்று வெளிப்படையாக அறிவித்த கோப்பினுள் மட்டுமே செல்லும். பிறர் எழுதிய பகுதிகளைத் தீண்டாது. எனினும், பழைய வழி அடைக்கப்படவில்லை. வகுப்பை எல்லோர்க்குமாக மாற்றும் உரிமை இன்றும் உண்டு.

ஆதலின், தேர்ந்த செய்நிரலாளர் பொது வகுப்பொன்றைத் திறக்குமுன் இரண்டு வினாக்களைத் தமக்குள் எழுப்புகின்றனர். இதே பயனைத் தனி வகுப்பொன்றை அமைத்துப் பெறலாகாதா? இம்மாற்றத்தைப் பின்னர் படிப்பவர் எளிதிற் கண்டுகொள்வாரா? முதல் வினாவுக்கு இல்லை என்றும், இரண்டாவதற்கு ஆம் என்றும் விடை கிடைத்தால் மட்டுமே அவர்கள் அதில் கைவைப்பர்.