சிவப்பு நாவாய்ப்பூச்சி: பகையா, துணையா?

பருத்தியில் காய் வெடிக்கும் தருணத்தில் சிவப்புப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாகத் திரிவதுண்டு. கண்டதும் மருந்தடிப்பது பலருடைய வழக்கம். ஆனால் அவற்றுள் உழவருக்கு உதவுபவையும் உண்டு.

இவை யாவும் நாவாய்ப்பூச்சி வகையைச் சேர்ந்தவை. முன்னிறக்கையின் அடிப்பாதி தோல்போல் தடித்தும், நுனிப்பாதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும். வாய் ஊசிபோன்ற குழல். வண்டுக்கோ முன்னிறக்கை முழுவதும் ஓடுபோல் இருக்கும்.

பஞ்சைக் கறைப்படுத்தும் பூச்சிக்குத் தலையை அடுத்து வெள்ளைப் பட்டையும், முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளியும், வயிற்றின் அடியில் வெள்ளைக் கோடுகளும் உண்டு. மெலிந்து நீண்ட குழல் கால்களுக்கிடையே படிந்திருக்கும். இது விதையின் சாற்றை உறிஞ்சுவதால் பஞ்சு கறைபடும். விதையின் முளைப்புத் திறனும் குறையும்.

புழுக்களைக் குத்திக் கொல்லும் கொலைகார நாவாய்ப்பூச்சியின் தலை ஒடுங்கி, கழுத்துடன் இருக்கும். குழல் குட்டையாக, தடித்து, அரிவாள்போல் வளைந்திருக்கும். இதைக் கையால் பிடிக்கக்கூடாது. குத்தினால் கடுமையாக வலிக்கும்.

ஏமாற்றக்கூடியது மூன்றாவது ஒன்று. 'ஆன்டிலோக்கஸ்' என்னும் இது கறைப்பூச்சியின் குடும்பத்தையே சேர்ந்தது. ஆனால் கறைப்பூச்சியையே பிடித்துத் தின்னும். நிறமும் உருவமும் ஏறக்குறைய ஒன்றே. வயிற்றடியில் வெள்ளைக் கோடுகள் இல்லாததைக் கொண்டே இதைப் பிரித்தறிய வேண்டும்.

கறைப்பூச்சி மிகுந்திருந்தால், மண்ணெண்ணெய் கலந்த நீருள்ள பாத்திரத்தில் செடியைத் தட்டி உதிர்த்து அழிக்கலாம். தட்டுமுன் ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.