பழைய காருக்குப் புனர்ஜன்மம்

கோயமுத்தூர் என்றதும் பஞ்சாலைகள் நினைவுக்கு வரும். பம்ப் செட்டுகள் நினைவுக்கு வரும். சிறுவாணித் தண்ணீரின் ருசி நினைவுக்கு வரும். பழைய மோட்டார் கார் வைத்திருப்பவர்களுக்கோ முதலில் வேறொன்று நினைவுக்கு வரும். அதுதான் லேத் பட்டறை! கார் செய்த கம்பெனி மூடிப் போகலாம். உதிரிச் சாமான்கள் கடையில் கிடைக்காமல் போகலாம். ஆனால் கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் கடைசல் யந்திரம் சுழன்று கொண்டிருக்கும் வரையில் அந்தக் கார் சாக வேண்டியதில்லை.

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் இன்றும் பழைய கார்கள் உறங்குகின்றன. ஸ்டீரிங்கில் சிலந்தி வலை, சீட்டுக்குள் எலி வளை, வண்டிக்கடியில் கோழி. தாத்தா ஆசையாக வாங்கிய கார், அப்பா காலத்தில் நின்று போயிருக்கும். பேரனுக்கு அதை என்ன செய்வது என்று புரியாது. எடைக்குப் போட்டால் கொஞ்சம் பணம் வரும். ஓட வைத்தாலோ செலவு வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, "ஓட வைத்தே தீருவது" என்று துணிகிறவர்கள்தான் வீட்டுக் கொட்டகையைப் பட்டறையாக மாற்றுகிறார்கள்.

நாயுடு காட்டிய வழி

கழற்றிப் பார்த்துக் கற்றுக் கொள்வது இந்த ஊரின் பழைய பழக்கம். 1893-ம் ஆண்டு கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு, இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு சொக்கிப் போனார். அதை வாங்க வேண்டும் என்பதற்காகவே கோவைக்கு வந்து, ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியை ஓட்டித் திரிந்ததோடு அவர் நிற்கவில்லை. அக்கு அக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். பள்ளிப் படிப்பில் மனம் செல்லாத அவருக்கு அந்த வண்டியே பாடப் புத்தகம் ஆயிற்று. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை விட்டுத் தொழில் தொடங்கியவர், பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய ஸ்தாபனத்தையே கட்டி வளர்த்தார். 2015-ல் அவிநாசி ரோட்டில் திறக்கப்பட்ட கார் மியூசியம் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கிறது.

1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின, கிணறுகளில் மோட்டார் பம்புகள் இறங்கின. அவற்றுக்குச் சாமான் செய்து கொடுக்க வார்ப்பட்டறைகளும் லேத் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு முளைத்தன. பம்புக்கு ஷாப்ட் கடைந்த கைதான் இன்று பழைய காருக்குப் புஷ் கடைந்து கொடுக்கிறது.

வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற கார்

எல்லாக் கார்களும் வீட்டில் வைத்துப் பிரிக்க ஏற்றவை அல்ல. அதற்கென்றே செய்தது போன்ற கார் ஒன்று உண்டு. அது நம் தமிழ்நாட்டிலேயே தயாரான கார் என்பதில் நமக்கொரு பெருமை. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இந்தக் காருக்கு உருவம் வகுத்தவர் இத்தாலிய நிபுணர் மிச்செலோட்டி. அக்காலத்தில் பல கார்களுக்குச் சேஸிஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. உடலே எலும்புக்கூடாகவும் இருக்கும். ஹெரால்டு செய்தவர்களுக்கு ஒரு தொல்லை வந்தது. அவர்களுக்கு உடல் செய்து கொடுத்து வந்த கம்பெனி, போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய் விட்டது. எனவே தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டும்படி அமைத்தார்கள். அன்று வந்த தொல்லை இன்று பழைய கார் பிரியர்களுக்கு வரமாகி விட்டது!

சென்னைக்கருகே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து 1971 வரை ஹெரால்டைத் தயாரித்தது. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின், நாலு சிலிண்டர். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்து கொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பி விடும். 1960-களின் கடைசியில் நம் நாட்டுக்கென்றே நாலு கதவு ஹெரால்டும் வந்தது.

அவசரம் கூடாது

சாளையிலிருந்து இழுத்து வந்த காரை உடனே ஸ்டார்ட் செய்யப் பார்ப்பவர்கள்தான் அதிகம். இது பெரிய தவறு. வருஷக் கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, சில நாள் ஊற விட வேண்டும். பிறகு ஸ்பானரால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்தால் வளையம் முறியும், சிலிண்டர் கீறும்.

கழற்றுமுன் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்துக் கொள்ள வேண்டும். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுச் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். கழற்றுவது ஒரு வாரம். பூட்டுவது ஒரு வருஷம். அதற்குள் எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்?

அடுத்தது தகர வேலை. வெளிப்பூச்சைக் கண்டு மயங்கக் கூடாது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது என்று அர்த்தம். துருவை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்து வெல்டு செய்வதே சரியான வைத்தியம். ஹெரால்டில் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள்தான் முதலில் இற்றுப் போகும். உடலுக்கு முட்டுக் கொடுக்காமல் அவற்றை வெட்டினால் உடல் தொய்ந்து விடும். பிறகு கதவு சாத்தாது.

இரண்டு ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கவே கூடாது. உறுதியான ஸ்டாண்டு கட்டாயம். காலி பெட்ரோல் டாங்கியை வெல்டு செய்யவும் கூடாது. காலி டாங்கியில் பெட்ரோல் ஆவி இருக்கும். தீப்பொறி பட்டால் அது வெடிகுண்டு.

லேத்காரரும் வார்ப்பட்டறையும்

எஞ்சினைப் பிரித்ததும் லேத்காரரின் ராஜ்யம் தொடங்குகிறது. தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும். கிராங்க் ஷாப்டைக் கிரைண்டு செய்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். ஹெரால்டு எஞ்சினில் ஒரு நோஞ்சான் இடம் உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் அரைவட்டத் தட்டுகள் தேய்ந்தால், அவை கழன்று விழுந்து எஞ்சின் பிளாக்கையே நாசமாக்கும். வாங்குமுன் ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் முன் புல்லியைக் கவனித்தால் போதும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் செலவு காத்திருக்கிறது!

முன் சக்கரம் திரும்பும் இடத்தில் ட்ரனியன் என்ற மரையிட்ட வெண்கலக் கட்டை இருக்கிறது. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் ஆயில்தான் விட வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாத மெக்கானிக்குகளால் சக்கரம் மடங்கி விழுந்த ஹெரால்டுகள் உண்டு.

உடைந்த வார்ப்புச் சாமான் கிடைக்காவிட்டால்? முதலில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடுவார்கள். அங்கும் இல்லையென்றால் வார்ப்பட்டறைக்குப் போக வேண்டியதுதான். உடைந்த துண்டையே மணலில் பதித்து வார்த்து விடலாமே என்று தோன்றும். அது சரிப்படாது. உருக்கிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று வீதம் சுருங்கும். நகல், அசலைவிடச் சிறுத்து விடும். அந்தச் சுருக்கத்தையும், பிறகு கடைந்து எடுக்கப் போகும் கனத்தையும் கணக்கிட்டு, மரத்தில் சற்றுப் பெரிய அச்சு செய்பவர் ஒருவர் வேண்டும். இந்த மர அச்சுக்காரர்களும், காதால் கேட்டே எஞ்சின் குறையைச் சொல்லும் பழைய மெக்கானிக்குகளும் முதுமை எய்தி வருகிறார்கள். இளைஞர்கள் கம்ப்யூட்டர் யந்திரத்தின் முன் நிற்கிறார்கள். ஆயிரம் சாமான் செய்ய அந்த யந்திரம் நல்லது. ஒரே ஒரு சாமான் செய்ய இந்தக் கைகள் வேண்டும்.

எதை மாற்றலாம்? எதை மாற்றக் கூடாது?

இந்த இடத்தில்தான் பழைய கார் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். பிறந்தபடியே இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. இன்றைய ரோட்டுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பது மற்றொரு கட்சி.

சில மாறுதல்கள் அவசியமே. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றது. அந்த ஈயம்தான் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. ஆகவே அங்கே கடினமான வளையம் பதிக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயாப்ரத்தையும் அரித்து விடும். அவற்றை மாற்றியே ஆக வேண்டும். சீட் பெல்ட் போடலாம். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைக்கலாம். டிஸ்க் பிரேக்கும் வைக்கலாம். இங்கிலாந்தில் பிற்கால ஹெரால்டுகளுக்கே அதைக் கொடுத்தார்கள். இவையெல்லாம் போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகி விடக் கூடியவை.

சேஸிஸை வெட்டி டீஸல் எஞ்சின் ஏற்றுவது வேறு சங்கதி. 1970-களில் பெட்ரோல் விலை ஏறிய பின் எத்தனையோ கார்களுக்கு இந்தக் கதி நேர்ந்தது. கனமான எஞ்சின் ஏறியதும் முன் ஸ்பிரிங்கு தாழும், பிரேக் போதாது, அதிர்ச்சியில் சேஸிஸ் விரியும்.

சட்டமும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள், கார் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவுக்குப் பின் 50 வருஷம் கடந்த வண்டிக்கு, ரூ. 20,000 கட்டி, வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வாங்கலாம். கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. வண்டலூர் ஹெரால்டுகள் எல்லாமே இன்று 50 வருஷத்தைக் கடந்தவை. ஒரு நாள் ஆசையில் சேஸிஸை வெட்டியவர், அந்தத் தகுதியை நிரந்தரமாக இழக்கிறார்.

வேகத்துக்காகவே கார் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கும் கோவையில் வழிகாட்டி உண்டு. மில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், 1980-களின் கடைசியில் மாருதி எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களைக் கோவையிலேயே உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரால் செட்டிபாளையத்தில் 2003-ல் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. வேகத்தின் இடம் அது, ரோடு அல்ல.

பழைய காரைப் புதுப்பிப்பதில் லாபம் உண்டா? பணக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் ஏறிச் சென்ற வண்டி மறுபடி ஓடும். அதோடு, ஒரு மர அச்சுக்காரருக்கும் ஒரு லேத்காரருக்கும் ஒரு தகரவேலைக்காரருக்கும் தங்கள் முழுத் திறமையையும் காட்ட வேலை கிடைக்கும். அந்த வேலை இருந்தால்தான் அதைக் கற்றுக் கொள்ள ஒரு பையன் வருவான்.

ஆகவே, சாளையில் உறங்கும் காரை எடைக்குப் போடப் போகிறவர்கள் ஒரு நாள் பொறுக்கலாம். பானட்டைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் ஆயிலை ஊற்றி வைத்துப் பார்க்கலாம். சில நாளில் எஞ்சின் சுழன்றாலும் சுழலும்!