குவாதலூப்பே அன்னை படிமத்தின் அகச்சிவப்பு ஒளிப்படங்கள்: சான்றும் அதன் எல்லையும்

திறவுச்சொற்கள்: குவாதலூப்பே, தில்மா, அகச்சிவப்பு ஒளிப்படம், அடிவரைவு, நிறமி, மார்க்கோஸ்

முன்னுரை

மெக்சிகோ நகரின் வடபகுதியில், தெப்பேயாக் குன்றின் அடிவாரத்தில் குவாதலூப்பே அன்னையின் பேராலயம் அமைந்துள்ளது. உலகக் கத்தோலிக்கத் திருத்தலங்களுள் மிகுதியான திருப்பயணிகள் கூடும் தலங்களுள் இதுவும் ஒன்று. இங்குப் பீடத்திற்கு மேலே கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கும் துணி, நாஹுவா மக்கள் அணிந்த ‘தில்மா’ என்னும் மேலாடை என நம்பப்படுகிறது. 1531 டிசம்பரில் ஹுவான் தியேகோ என்னும் நாஹுவா இனத்தவருக்கு மரியாள் காட்சியளித்தார் என்பது மரபு. அவர் ஆயர் ஹுவான் தே சுமாராகாவின் முன் மேலாடையை விரித்துப் பூக்களைக் கொட்டியபோது அதில் அன்னையின் உருவம் பதிந்திருந்ததாகவும் அம்மரபு கூறுகிறது. ஹுவான் தியேகோவுக்குத் திருச்சபை 2002இல் புனிதர் பட்டம் அளித்தது.

இப்படிமத்தை 1979ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப் செர்னா கல்லஹான் என்னும் அமெரிக்க உயிரியற்பியலாளர் அகச்சிவப்புக் கதிரில் ஒளிப்படம் எடுத்தார். பூச்சிகளின் உணர்கொம்புகள் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் முறையை ஆராய்ந்தவர் அவர். அவருடைய அறிக்கை 1981இல் வெளிவந்தது. ‘இப்படிமத்தை மனிதர் தீட்டவில்லை என அறிவியல் மெய்ப்பித்துவிட்டது’ என்னும் கூற்றுக்கு இன்றுவரை அவ்வறிக்கையே அடிப்படையாகக் காட்டப்படுகிறது. அவ்வொளிப்படங்கள் எதை மெய்ப்பிக்க வல்லவை, எதை மெய்ப்பிக்க இயலாதவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அகச்சிவப்பு ஒளிப்படம் இயங்கும் முறை

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களைக் காண்கிறது. அகச்சிவப்புப் படச்சுருள் இதனைக் கடந்து ஏறத்தாழ 900 நானோமீட்டர் வரை பதிவு செய்யும். அலைநீளம் கூடும்போது வண்ணப்பூச்சினுள் ஒளி சிதறுவது குறைகிறது. எனவே கண்ணுக்கு ஒளி புகாததாகத் தோன்றும் சில வண்ணப்படலங்கள் அகச்சிவப்பில் ஊடுருவத்தக்கனவாகின்றன. கரி இதற்கு மாறானது. அது அகச்சிவப்பை வலுவாக உறிஞ்சுகிறது. ஓவியர் வெண்ணிற ஆயத்தப்பூச்சின்மேல் கரியால் அடிவரைவு செய்து, அதன்மேல் வண்ணம் தீட்டியிருந்தால், அகச்சிவப்பில் வண்ணம் விலகிக் கரிக்கோடு கருமையாகத் துலங்கும். கரித்தூள் தேய்க்கப்பட்ட பழைய ஓலைச்சுவடியில், ஓலை கருத்துப்போய்க் கண்ணால் படிக்க இயலாத எழுத்துகள் அகச்சிவப்பில் தெளிவதும் இக்காரணத்தாலேயே. சுவடியியலாளர்க்கு இவ்வியல்பு புதியதன்று.

முறையின் எல்லையும் இவ்வியல்பிலேயே அடங்கியுள்ளது. கரியால் வரையப்பட்டதை அகச்சிவப்பு காட்டும். செம்மண் கட்டியால் வரையப்பட்டதைப் பெரும்பாலும் காட்டாது. இரும்புச்சத்துள்ள மைக்கோடுகள் அகச்சிவப்பில் மங்கி மறைந்துவிடும். மேலும் அசுரைட், மாலகைட் போன்ற செம்பு சார்ந்த நீல, பச்சை நிறமிகளை 900 நானோமீட்டர் அளவில் நன்கு ஊடுருவ இயலாது. இக்குறையைப் போக்கவே நெதர்லாந்து ஆய்வாளர் வான் ஆஸ்பெரென் தெ பூர் 1960களில் 2000 நானோமீட்டர் வரை உணரும் கருவிகளைக் கொண்டு ‘அகச்சிவப்புப் பிரதிபலிப்பு வரைவியல்’ என்னும் முறையை வளர்த்தெடுத்தார். கல்லஹான் பயன்படுத்தியது படச்சுருள் முறையையே.

கல்லஹானின் கண்டறிவுகள்

கல்லஹான் படிமத்தை இரு பகுதிகளாகப் பிரித்துக் கண்டார். பொற்கதிர்கள், மேலாடையின் விண்மீன்கள், பொன் விளிம்பு, இடைக்கச்சு, பிறைநிலவு, காலடியிலுள்ள வானதூதர் ஆகியவை பிற்காலத்தில் மனிதர் சேர்த்தவை என்றார். கைவிரல்கள் திருத்திக் குறுக்கப்பட்டுள்ளன என்றும் குறிப்பிட்டார். முகம், இளஞ்சிவப்பு அங்கி, நீல மேலாடை ஆகியவற்றில் அடிவரைவோ ஆயத்தப்பூச்சோ இல்லை; இவை விளக்க இயலாதவை என்பது அவரது முடிவு.

இவ்விரு பகுதிகளும் ஒரே வலுவுடையன அல்ல. சேர்க்கைகள் பற்றிய முதற்பகுதி படங்களில் நேரடியாகக் கண்டதன் அடிப்படையில் அமைந்தது. இரண்டாம் பகுதியோ காணாததன் அடிப்படையில் அமைந்தது. பக்தி இலக்கியங்கள் இரண்டாம் பகுதியை மட்டும் எடுத்தாண்டு முதற்பகுதியைப் பெரிதும் விட்டுவிடுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

ஆயத்தப்பூச்சு இல்லை என்னும் கருத்தும் 1979இல் தோன்றியதன்று. ஓவியர் மிகேல் கப்ரேரா 1751இல் படிமத்தைப் பார்வையிட்டு 1756இல் வெளியிட்ட நூலிலேயே அது இடம்பெற்றுள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவந்த ஒரு கருத்துக்குக் கல்லஹானின் படங்கள் புதிய கருவியின் மதிப்பைச் சேர்த்தன எனலாம்.

‘காணவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும்

அடிவரைவு காணப்படவில்லை என்பதிலிருந்து அடிவரைவு இல்லை என முடிவு செய்ய வேண்டுமாயின், இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்பதை முதலில் நிறுவ வேண்டும். இங்கு அது நிறுவப்படவில்லை. படிமத்தின் மிகப்பெரிய பரப்பு நீலப்பச்சை மேலாடை. படச்சுருள் முறை வலுவிழக்கும் நிறங்கள் இவையே. ஓவியர் செம்மண்ணால் வரைந்திருக்கலாம். அச்சுப்படத்தையோ வேறோர் ஓவியத்தையோ பார்த்து நேரடியாகத் தீட்டியிருக்கலாம். அடிவரைவின்றித் தீட்டப்பட்ட ஓவியங்கள் பல உள்ளன. அவற்றை எவரும் அற்புதம் எனக் கொள்வதில்லை. துணிக்கு இடப்படும் விலங்குப்பசை நிறமற்றது. அதன்வழி அகச்சிவப்பு தடையின்றிச் செல்லும். ஆகவே பசையிடவில்லை என்பதை இப்படங்களால் உறுதிசெய்ய இயலாது. நிறமி இன்னதென அடையாளங்காண்பதும் இம்முறையால் முழுமையாக இயலாது. அதற்கு மாதிரியெடுத்தல், எக்ஸ் கதிர் ஒளிர்வு ஆய்வு போன்றவை தேவை. ‘அறியப்படாத நிறமி’ என்பது உண்மையில் ‘பகுத்தாராயப்படாத நிறமி’ என்றே பொருள்படும்.

1985இல் ஜோ நிக்கல், ஜான் ஃபிஷர் ஆகியோர் இதே ஒளிப்படங்களை மறுஆய்வு செய்து, அடிவரைவை ஒத்த கோடுகளும் வண்ண உதிர்வும் காணப்படுவதாக எழுதினர். மெக்சிகோவின் ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் ஹோசே சோல் ரோசாலேஸ் 1982இல் படிமத்தை நேரில் ஆய்ந்தார். வெண்ணிற ஆயத்தப்பூச்சு உள்ளது என்றும், 16ஆம் நூற்றாண்டில் வழங்கிய நிறமிகளைக் கொண்டு தீட்டப்பட்டது என்றும் அவர் கண்டார். அவரது அறிக்கை 2002இல் ‘புரோசேசோ’ இதழின் வழியாகவே பொதுவெளிக்கு வந்தது. கல்லஹானின் அறிக்கை உடனே அச்சாகிப் பரவியதையும் இவ்வறிக்கை இருபது ஆண்டுகள் வெளிவராமல் இருந்ததையும் ஒப்பிட்டால், அறிவியல் சான்று திருத்தலச் சூழலில் எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகிறது என்பது விளங்கும்.

மார்க்கோஸ் என்னும் பெயர்

இவ்விவாதம் நம்பிக்கைக்கும் ஐயத்திற்கும் இடைப்பட்டது மட்டுமன்று. 1556 செப்டம்பரில் பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் பிரான்சிஸ்கோ தே புஸ்தாமாந்தே தம் மறையுரையில் தெப்பேயாக் வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். அதுபற்றிப் பேராயர் மோந்தூபார் நடத்திய விசாரணையின் பதிவு எஞ்சியுள்ளது. அப்படிமத்தைத் தீட்டியவர் மார்க்கோஸ் என்னும் இந்தியர் எனப் புஸ்தாமாந்தே கூறியதாகச் சாட்சியம் அதில் உள்ளது. இங்கு ‘இந்தியர்’ என்பது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும். பெர்னால் தியாஸ் தெல் காஸ்தில்யோவும் தம் வரலாற்று நூலில் சிறந்த பழங்குடி ஓவியர்களுள் ஒருவராக மார்க்கோஸ் தே அக்கினோவின் பெயரைக் குறிப்பிடுகிறார். இருவரும் ஒருவரே எனக் கருதும் ஆய்வாளர் பலர். காட்சி வரலாற்றைக் கூறும் அச்சு நூல்களோ 1648இல் மிகேல் சான்சேஸின் ஸ்பானிய நூலாலும், 1649இல் லாசோ தே லா வேகாவின் நாஹுவாத்தல் நூலாலும்தான் தொடங்குகின்றன. எனவே படிமத்தின் தோற்றம் குறித்து எஞ்சியுள்ள மிகப் பழைய கூற்று ஒரு பழங்குடி ஓவியரின் பெயரையே சுட்டுகிறது.

கண்டித்துரைத்தவரின் வாய்வழி வந்த செய்தி என்பதால் அச்சாட்சியத்தையும் எச்சரிக்கையோடே கையாள வேண்டும். ஆயினும், 900 நானோமீட்டர் எல்லைக்குட்பட்ட ஒரு படச்சுருளில் கோடு தெரியவில்லை என்னும் காரணத்தைக் கொண்டு அப்பெயரை வரலாற்றிலிருந்து நீக்க இயலாது. 1000 முதல் 2000 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில், துணியைத் தொடாமலேயே படிமம் முழுவதையும் பதிவுசெய்யும் கருவிகள் இன்று அருங்காட்சியகங்களில் வழக்கத்தில் உள்ளன. மேலாடையின் நீலப்பரப்பும் குறுக்கப்பட்ட விரல்களும் அத்தகைய ஆய்வு முதலில் நோக்க வேண்டிய இடங்களாகும்.