குளிராத கார் ஏசி

காற்று ஏன் குளிரவில்லை என்று வினவுமுன், அது குளிர்வதே எப்படி என்றறிவது உசிதம். சாதாரண அழுத்தத்தில் சுமார் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் ஆர்-134ஏ என்னும் திரவம், டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள கூலிங் காயிலில் ஆவியாகி உள்ளறையின் உஷ்ணத்தைக் கிரகித்துக்கொள்ள, அந்த ஆவியைக் கம்ப்ரசர் அமுக்கிக் கண்டென்சருக்கு அனுப்ப, அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குத் தானம் செய்துவிட்டு மீண்டும் திரவமாகிறது.

ஆகவே, வண்டி ஓடுகையில் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் வெம்மை வீசுமானால், சந்தேகம் முதலில் கண்டென்சர் விசிறியின்மீதே விழவேண்டும். கம்ப்ரசரே இயங்காவிடில், கசிவினால் அழுத்தம் குறைந்து, பாதுகாப்பு ஸ்விட்ச் அதைத் தடுத்திருக்கலாம். "கேஸ் தீர்ந்துபோச்சு" என்பார் மெக்கானிக். மூடிய சுற்றிலுள்ள வாயு பெட்ரோலைப்போல் செலவாவதன்று! கசிவைக் கண்டு அடைத்து, வேக்குவம் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பின்னரே, குறித்த எடைப்படி நிரப்பவேண்டும்.