உங்களுக்குத் தெரியுமா? ஊதினால் குமிழி விடும் மரம்

வட அமெரிக்கச் சிவப்பு ஓக் மரத்தில் இழையின் நீளவாக்கில் அறுத்தெடுத்த சிறு துண்டின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் வாய்வைத்து ஊதினால், நீருக்குள் குமிழிகள் எழும். நீர் கடத்தும் அதன் நாளங்கள் உறிஞ்சுகுழல் போலத் திறந்தே கிடப்பதே காரணம்.

• வெள்ளை ஓக்கின் வைரத்தில், அதாவது முதிர்ந்த நடுமரத்தில், அந்நாளங்களை 'டைலோசிஸ்' எனப்படும் உயிரணுப் புடைப்புகள் அடைத்துவிடுவதால், மதுப் பீப்பாய்க்கும் படகுக்கும் அதுவே உகந்தது. வைரத்தைச் சூழ்ந்த வெளிமரமான வெளிறு, எந்த ஓக்கினுடையதாயினும், விலக்கத்தக்கது.

• படகின் சுக்கான் பிடி, கயிறு சுற்றும் கட்டை போன்றவற்றை வீட்டிலேயே செய்வோர் பலகையின் முகத்தை மட்டும் பளபளப்பாக்கி நிறுத்திவிடுவதுண்டு. நீரோ பெரும்பாலும் வெட்டுமுனை வழியாகவும் திருகாணித் துளை வழியாகவுமே புகுகிறது. ஆகவே வெட்டுமுனைக்கு எபாக்சிப் பிசினைப் பலமுறை ஊட்டுவதோடு, துளையையும் தேவைக்கு மேல் அகலமாக இட்டு, அப்பிசினால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவே உரிய அளவில் மீண்டும் துளையிடுவர்.

• வெயிலின் புறஊதாக் கதிர் எபாக்சியைச் சிதைக்கும். மேலே அக்கதிரைத் தடுக்கும் வார்னிஷ் தேவை.