தண்டயலை மாற்றுவதா?
குருநகர்க் கரையிலே கேட்ட ஒரு விவாதம்

உதைபந்தாட்ட மைதானத்திலே பந்தை உதைப்பவர்கள் இருபத்திரண்டு பேர். ஆட்டம் முடிந்தபின் அதைப் பற்றித் தீர்ப்புக் கூறுபவர்களுக்கோ கணக்கில்லை. அத்தகைய தீர்ப்பு மன்றம் ஒன்றிலே அண்மையில் ஒரு மாலைப்பொழுது நாமும் அகப்பட்டுக்கொண்டோம். மன்றம் கூடிய இடம் குருநகர்க் கடற்கரை. விசாரணைக்கு வந்த வழக்கு, கழகத்தின் பயிற்றுநரை மாற்றுவதா, வைத்திருப்பதா என்பது.

எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று அங்கு சென்றிருந்தோம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சோழகம் தணிந்திருந்த வேளை. எதிரே மண்டைதீவு மங்கலாகத் தெரிந்தது. கரையில் ஏற்றியிருந்த வள்ளங்களின் நிழலிலே முதியவர் சிலர் வலை பொத்திக்கொண்டிருந்தனர். அவர்களைச் சூழ இளைஞர் பத்துப் பன்னிருவர். முதல் நாள் ஆட்டத்திலே தங்கள் கழகம் தோற்றுப்போன துக்கம் ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. தொடர்ச்சியாக நான்காவது தோல்வி என்று எம் மாணவர் காதோடு காதாகக் கூறினார்.

முற்காலத்திலே கரையூர் என வழங்கிய ஊர் இது. புனித யாகப்பர் ஆலயத்தின் மணியோசையும், கடலும், உதைபந்தும் இவ்வூரவரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. குருநகர் பாடும்மீன், பாசையூர் சென். அன்ரனீஸ், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங் ஹென்றீஸ் முதலிய கழகங்களின் பெயரை அறியாத உதைபந்தாட்ட இரசிகர் யாழ்ப்பாணத்திலே இலர். ஆயினும் அன்று விவாதத்துக்கு உள்ளான கழகத்தின் பெயரை நாம் இங்கு வெளியிடப்போவதில்லை. பெயரைச் சொல்லிவிட்டால் வாசகர்கள் பிரச்சினையை விட்டுக் கட்சி சேர்ந்துவிடுவார்கள்!

இரு கட்சிகள்

மாற்றவேண்டும் என்ற கட்சிக்குத் தலைமை தாங்கியவர் இருபத்து மூன்று வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர். வெறும் ஆத்திரத்தால் அவர் பேசவில்லை. பயிற்றுநர் பத்து வருடங்களுக்கு முன்பு சொல்லிக் கொடுத்ததையே இன்றும் சொல்லிக் கொடுக்கிறார். பந்தை நீளமாக உதைத்துவிட்டு அதன் பின்னால் ஓடும் ஆட்டம் இக்காலத்துக்கு உதவாது. கோல் காப்பாளருக்கெனத் தனிப்பயிற்சி கிடையாது. திறமையுள்ள சிறுவர்கள் வேறு கழகங்களை நாடத் தொடங்கிவிட்டார்கள். இவ்வாறு ஒவ்வொன்றாக விரல் மடக்கி எண்ணினார். இறுதியிலே, “வள்ளம் மண்ணிலை ஏறினால் தண்டயலைத்தானே கேக்க வேணும்?” என்று முடித்தார். கடலோடிகளின் கூட்டத்திலே இதைவிடக் கூர்மையான வாதம் வேறு இருக்க முடியாது.

வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிராமலே விடை கூறினார். “தம்பி, வலை கிழிஞ்சு மீன் போனால் வலையைப் பாக்கிறம். காத்து மாறினால் பாயைப் பாக்கிறம். எல்லாத்துக்கும் தண்டயலை மாத்தினால், கடைசியிலை வள்ளம் ஓட்ட ஆர் இருப்பினம்?”

கூட்டம் சிரித்தது. ஆனால் முதியவர் சிரிக்கவில்லை. அந்தப் பயிற்றுநரின் வரலாற்றை அவர் எமக்கு எடுத்துரைத்தார். 1995 ஒக்ரோபர் 30 ஆந் தேதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, குருநகர்க் குடும்பங்களும் அவ்வெள்ளத்திலே கலந்தன. இடம்பெயர்ந்த இடத்திலே வெறும் வெளியொன்றைத் துப்புரவாக்கி, பழைய பந்து ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்கியவர் அம்மனிதர். திரும்பி வந்தபின் கடற்றொழிலுக்கு எத்தனையோ தடைகள் இருந்த காலத்திலும் மாலைப் பயிற்சி நிற்கவில்லை. கூலி என்று ஒரு சதமேனும் அவர் பெற்றதில்லை. ஊரார் அவரை ‘மாஸ்ரர்’ என்றே அழைக்கின்றனர். பள்ளிக்கூடத்திலே படிப்பிக்காத ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்திருப்பது, ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்குச் சற்றுப் பொறாமையைக்கூட உண்டாக்கிற்று.

“அதை நாங்கள் மறக்கயில்லை, அப்பு,” என்றார் இளைஞர். குரல் தணிந்திருந்தது. “ஆனால் செய்த உதவிக்கு நன்றி சொல்லுறது வேறை, இந்த வருசக் கிண்ணம் வேறை.”

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. அதனாலேதான் அவ்வழக்கு எளிதிலே தீரவில்லை.

சென்னை காட்டும் பாடம்

எமது அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். பந்தைச் சரியாக உதைக்கத் தெரியாத நாம், பத்திரிகை வாசித்தறிந்த செய்திகளைக் கூறித் தப்பித்துக்கொள்ள எண்ணினோம்.

தமிழ்நாட்டிலே 2014 இல் தோற்றுவிக்கப்பட்ட சென்னையின் எப்.சி. என்னும் கழகத்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலி நாட்டுக்காக உலகக் கிண்ணம் வென்ற மார்க்கோ மற்றராசி அதன் முதல் முகாமையாளர். 2015 ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவிலே அவ்வணி பட்டியலின் அடிமட்டத்திற் கிடந்தது. கழகத்தார் அவரை மாற்றவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 20 ஆந் தேதி கோவாவை 3–2 என்ற கணக்கிலே வென்று அவ்வணி கிண்ணத்தைச் சுவீகரித்தது.

அவருக்குப் பின் வந்தவர் ஆங்கிலேயரான ஜோன் கிறகறி. 2018 மார்ச் 17 இல் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று வென்று இரண்டாவது கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தார். அடுத்த பருவத்திலோ அதே அணி பத்து அணிகளுள் கடைசி. அப்போதும் கழகம் பொறுத்தது. ஆனால் இம்முறை பொறுமை பலன் தரவில்லை. 2019 நவம்பர் இறுதியில் அவர் விலகினார். ஓவன் கொயில் பதவியேற்றார். கீழே கிடந்த அணி மளமளவென மேலேறி, 2020 மார்ச் 14 இல் இறுதியாட்டத்தை எட்டி, ஏ.ரி.கே. அணியிடம் 3–1 எனத் தோற்றது.

ஒரே கழகம், ஐந்தாண்டுக் காலம். ஒருமுறை மாற்றாதது நன்மையாயிற்று. மறுமுறை மாற்றியது நன்மையாயிற்று. ஆகவே இரு கட்சியாரும் சென்னையைச் சாட்சிக்கு அழைக்கலாம்!

இங்கிலாந்திலே மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தின் கதையை இளைஞர்கள் எம்மினும் நன்கு அறிந்திருந்தனர். 1986 நவம்பரிலே பொறுப்பேற்ற அலெக்ஸ் பேர்குசன் மூன்றாண்டுகளாக எந்தக் கிண்ணத்தையும் வெல்லவில்லை. 1989 இல், அயற்கழகமான மன்செஸ்ரர் சிற்றியிடம் 5–1 எனத் தோற்றபோது இரசிகர்களே அவர் போகவேண்டும் என்றனர். கழகத்தார் போக விடவில்லை. 1990 இல் எப்.ஏ. கிண்ணம் கிடைத்தது. 1993 இல், 26 ஆண்டுகளுக்குப் பின், லீக் வெற்றி கிட்டிற்று. 2013 இல் அவர் ஓய்வு பெற்றபோது லீக் வெற்றிகள் மட்டும் பதின்மூன்று. அவருக்குப் பின் முகாமையாளர்கள் மாறி மாறி வந்தனர். 2014 முதல் 2025 வரை நிறைவுற்ற பருவங்களில் ஒன்றிலேனும் லீக் கிண்ணம் அக்கழகத்துக்குக் கிட்டவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

கதைகள் இருபுறமும் சாயுமாயின் கணக்கை நாடுவதே அறிவுடைமை. நெதர்லாந்து நாட்டுப் பொருளியலாளர் பாஸ் ரெர் வீல் என்பார், 1986 முதல் 2004 வரையான காலத்து ஒல்லாந்த உதைபந்தாட்டத்தை ஆராய்ந்து, 2011 இல் தம் முடிவை வெளியிட்டார். முகாமையாளரை நீக்கிய அணிகள் அதன்பின் முன்னேறியது உண்மையே. ஆனால் அதே அளவுக்கு வீழ்ச்சியடைந்தும் முகாமையாளரை நீக்காதிருந்த அணிகளும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறின!

மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். காயம், நடுவரின் தவறு, கம்பத்திற் பட்டுத் திரும்பும் பந்து ஆகியன யாவும் சில வாரங்கள் ஒருங்கே கூடி ஓர் அணியை அதன் உண்மைத் தகுதிக்குக் கீழே தள்ளிவிடுகின்றன. அவை நீங்கியதும் அணி தன் பழைய நிலைக்குத் தானே மீள்கிறது. மிகத் தாழ்ந்த பொழுதிலேதான் ஆளை மாற்றுகிறோம். ஆதலால் தானாக வந்த மீட்சியைப் புதியவரின் திறமை என எண்ணி மயங்குகிறோம். காய்ச்சல் உச்சத்திலே இருக்கும்போது நூல் கட்டினால், இறங்கியபின் புகழ் நூலுக்குத்தானே!

இது எம் சொந்த வாழ்விலும் நேர்ந்தது. முன்னர் ஒரு கல்லூரியிலே கற்பித்தபோது, ஓர் ஆண்டு எமது பாடத்திற் பெறுபேறுகள் வீழ்ந்தன. பாடத்தை வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு பெற்றோர் சிலர் கேட்டனர். அதிபர் ஓராண்டு பொறுத்தார். மறு ஆண்டு பெறுபேறுகள் உயர்ந்தன. அப்போது நாம் அடைந்த பெருமிதத்துக்கு அளவில்லை. இன்று எண்ணிப் பார்த்தால், முதலாண்டு வீழ்ச்சி முழுவதும் எம்மால் நேர்ந்ததன்று. இரண்டாமாண்டு உயர்ச்சியும் முழுவதும் எம்முடையதன்று. முதலாவதை அன்றே உரத்துச் சொன்னோம். இரண்டாவதைச் சொல்ல இத்தனை ஆண்டுகள் சென்றன.

ஓர் ஆசிரியரின் கதை

ஆயினும் பயிற்றுநரால் ஆவது ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் றஹீம் தொழிலால் ஓர் ஆசிரியர். 1951 இல் முதலாவது ஆசிய விளையாட்டு விழாவிலே அவர் பயிற்றிய இந்திய அணி தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே யூகோசிலாவியாவிடம் 10–1 எனத் தோற்றது. இந்திய வீரர் பலர் அங்கு வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்வியோடு றஹீமின் பெயரை ஒருவர் அழித்திருக்கலாம். ஆனால் 1956 மெல்பேண் ஒலிம்பிக்கிலே அவருடைய அணி நான்காம் இடத்தை எட்டிற்று. 1960 இல் உரோமாபுரி சென்ற அவரது அணியிலே, பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழரும் இருந்தார். 1962 ஜகார்த்தாவிலே தென் கொரியாவை 2–1 என வென்று மீண்டும் தங்கம். அப்போது நோயுற்றிருந்த அவர் அடுத்த ஆண்டு காலமானார்.

றஹீம் பழம் புகழிலே தங்கி நின்றவர் அல்லர். உலகம் ஆடும் முறையைக் கற்றுக் கற்றுத் தம் முறையை மாற்றிக்கொண்டவர். ஆளை மாற்றாது வைத்திருப்பதற்கு விலை ஒன்று உண்டு. அந்த ஆள் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். இதனைக் கூறியபோது இளைஞர் தலையசைத்தார். முதியவரும் வலையிலிருந்து கையை எடுத்தார்.

திருக்குறளிலே ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. ஆராயாது ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டும் தீராத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் நிறைவான கருத்து. ஆட்டத்துக்கு ஆட்டம் தீர்ப்பெழுதும் இரசிகர்களுக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை உண்டோ?

திறப்பு யாரிடம்?

இருள் கவியும் நேரத்திலே, எவரும் எதிர்பாராத வகையில், மாஸ்ரரே அங்கு வந்து சேர்ந்தார். துவிச்சக்கர வண்டியிற் கட்டிய சாக்கிலே பந்துகள். கூட்டம் சட்டென மௌனமாயிற்று. அவருக்குச் செய்தி முன்னரே எட்டியிருந்தது போலும்.

“பொதுக்கூட்டத்திலை என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்,” என்றார் அவர். “ஒண்டு மட்டும் கேக்கிறன். விடிய அஞ்சரைக்குப் பந்துக் கொட்டிலைத் திறக்கிறது ஆர்?”

ஒருவரும் பேசவில்லை. அவரை மாற்றவேண்டும் என்று வாதாடிய இளைஞர்தாம் சற்று நேரத்தின் பின் எழுந்தார். “நான் திறக்கிறன், மாஸ்ரர். ஆனால் நீங்களும் வரவேணும். சின்னப் பெடியளுக்கு நீங்கள்தான் அடிப்படை சொல்லிக் குடுக்கவேணும். பெரிய அணிக்கு நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து புதுமுறையைப் பாக்கிறம். பிழைச்சால் எங்களைக் கேளுங்கோ.”

மாஸ்ரர் நெடுநேரம் கடலைப் பார்த்து நின்றார். பின்னர் மடியிலிருந்து திறப்பை எடுத்து இளைஞர் கையிலே வைத்தார். அவர் கை சிறிது நடுங்கியதை நாம் கண்டோம், பிறரும் கண்டிருப்பர். எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த ஆட்டத்திலே அக்கழகம் வென்றதா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை, ஒரு கோலாலே தோற்றது. ஆனால் பந்துக் கொட்டில் மறுநாட் காலை ஐந்தரை மணிக்குத் திறந்திருந்தது என்றும், சிறுவர்களின் வரிசைக்கு முன்னே மாஸ்ரர் நின்றார் என்றும் எம் மாணவர் அறிவித்திருக்கிறார். தலைமையை மாற்றுவோர் மாற்றட்டும், வைத்திருப்போர் வைத்திருக்கட்டும். பதவியை வேண்டுவோர் அதனோடு சேர்ந்த விடியற்காலையையும் வேண்டிப் பெறுவாராயின், எக்கழகமும் அழியாது.