பெட்டி நின்றால்தான் வருமானம்

ஓமனின் தென்கோடியில் இருக்கிறது சலாலா துறைமுகம். கிழக்கே சீனாவிலிருந்து வரும் பெருங்கப்பல், மொம்பாசாவுக்குப் போகவேண்டிய ஒரு கண்டெய்னரை இங்கே இறக்கிவிட்டு ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறது. சில நாள் கழித்து ஒரு சிறிய கப்பல் அதை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கா போகிறது. பெட்டிக்குள் இருப்பது டயரா துணியா என்று ஓமனில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. துறைமுகக் கணக்கில் மட்டும் அந்த ஒரு பெட்டி இரண்டாகிவிடுகிறது: இறக்கியது ஒன்று, ஏற்றியது ஒன்று.

டிரான்ஸ்ஷிப்மென்ட் என்பது இதுதான். 20,000 பெட்டி கொள்ளும் கப்பல் ஊர் ஊராக நின்று போனால் கட்டுப்படியாகாது. வழியை விட்டு அதிகம் விலகாத ஓரிரு துறைமுகங்களில் மொத்தமாக இறக்கிவிடும். துபாய்க்குப் போவதென்றால் ஹோர்முஸ் நீரிணைக்குள் நுழைந்து, வந்த வழியே திரும்பவேண்டும். சலாலாவோ ஆசியா-ஐரோப்பா கடல்வழிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதை நம்பித்தான் 1998-ல் அங்கே கண்டெய்னர் முனையம் செயல்படத் தொடங்கியது. 2021-ல் அது கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 45 லட்சம்.

சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரி என்ற பழந்துறைமுகம் உண்டு. ‘ணந்தை கீரன்’ என்று தமிழ் பிராமியில் பொறித்த, சுமார் முதல் நூற்றாண்டுப் பானை ஓடு அங்கே கிடைத்தது. அந்தக் காலத்துக் கப்பல்கள் அங்கே வந்ததற்குக் காரணம் சாம்பிராணி. அது விளைந்தது துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த நிலத்தில். வேண்டுமென்றால் அங்கே வந்துதான் ஆகவேண்டும். டிரான்ஸ்ஷிப்மென்ட் பெட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2023 இறுதியில் செங்கடலில் ஏமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெருங்கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அடுத்த ஆண்டு சலாலா கையாண்ட பெட்டிகள் குறைந்தன.

1967-ல் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கிய ஓமன், 2014-ல் விலை சரிந்தபோது அடிவாங்கியது. 2016-ல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டம் எண்ணெய்க்கு மாற்றாக முன்னிறுத்திய துறைகளில் சரக்குப் போக்குவரத்தும் ஒன்று. கப்பலைக் கடந்துபோக விடாமல், சரக்கை நிறுத்தி அதன்மேல் வேலை செய்வது எப்படி என்பதே கேள்வி.

வடக்கே சோஹார் துறைமுகத்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. ரோட்டர்டாம் துறைமுகத்தோடு கூட்டாக வளர்ந்த அந்த இடத்துக்கு, 4 லட்சம் டன் சுமக்கும் ராட்சதக் கப்பல்களில் பிரேசிலிலிருந்து இரும்புத்தாது வருகிறது. பொடித்தாதைக் கோலிக்குண்டு அளவு உருண்டைகளாக்கி, சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் சுட்டெடுக்கிறது வாலே நிறுவனத்தின் ஆலை. இந்தச் சூட்டுக்கு இயற்கை எரிவாயு வேண்டும். அது ஓமனிடம் இருக்கிறது. உருண்டைகளில் ஒரு பங்கு கப்பலேறுகிறது. இன்னொரு பங்கு துறைமுக வளாகத்திலேயே உள்ள ஜிந்தால் ஆலையில் உருக்காகிறது. தாது ஓமனுடையதல்ல, கூலியும் எரிவாயு விலையும் துறைமுகக் கட்டணமும் ஓமனில் தங்குகின்றன.

சலாலாவுக்கும் சொந்தச் சரக்கு ஒன்று வாய்த்திருக்கிறது: பக்கத்து நிலத்தில் வெட்டும் ஜிப்சம். சிமென்ட் நீர் பட்டவுடன் இறுகிவிடாமல் தாமதப்படுத்துவது அதில் சிறிதளவு கலக்கும் இந்த ஜிப்சம்தான். விலை மலிவு, கனம் அதிகம் என்பதால் லாரியில் நெடுந்தூரம் கொண்டுபோனால் வாடகையே விலையை விழுங்கிவிடும். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே கப்பல் நிற்பதால்தான் அது இந்திய சிமென்ட் ஆலைகள்வரை வந்து சேர்கிறது.

ஆனாலும் ஐம்பது லட்சம் சொச்சம் மக்களே உள்ள நாட்டில் பெட்டியைத் திறந்து சரக்கை வாங்கும் சந்தை சிறியது. அந்தச் சந்தையைப் பக்கத்து நாட்டில் தேடத்தான் சோஹாரிலிருந்து ஹஜர் மலைகளைக் கடந்து அபுதாபிவரை 200 கி.மீ.க்கு மேல் ரயில்பாதை போடுகிறார்கள். அது ஓடத் தொடங்கினால், அபுதாபிக்குப் போகும் சரக்கு ஹோர்முஸுக்கு வெளியிலேயே கரையேறலாம். அந்தப் பெட்டி சோஹாரின் கணக்கில் ஒருமுறைதான் ஏறும். அதைப் பிரிக்கும் கிடங்குக்கும் ஏற்றும் ரயிலுக்கும் அங்கே ஆள் வேண்டியிருக்கும்.